பழைய காரும் நோய்முதலும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் எழுதியபோது, விடுதி வாழ்க்கையைப் பற்றியோ விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆயினும், அவற்றை என்னினும் சிறப்பாக எழுத வல்லார் பழைய மாணவருள் பலர் உளர். ஆகவே, பிறர் தொடாத பொருளொன்றை எடுத்துக்கொண்டேன். மொனராகலையில் என்னிடமுள்ள பழைய மோட்டார் காரும், அதன் மின்சாரக் கோளாறுகளை வீட்டு முற்றத்தில் வைத்தே தேடிக் காணும் முறையுமே அப்பொருள். தமிழாசிரியன் ஒருவனுக்கும் காரின் வயர்களுக்கும் தொடர்பு யாது என நண்பர்கள் வினவலாம். தொடர்பு உண்டு என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எனது கார் 1959ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் 1000. இவ்வினத்தை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இன்று துருக்கியில் இஸ்மீர் என வழங்கும் சிமிர்னா நகரில் 1906இல் பிறந்தவர் அவர். 1948ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற மோட்டார் கண்காட்சியில் மொறிஸ் மைனர் முதன்முதலாக வெளிவந்தது. அதற்குச் சிறிது காலத்தின் முன், மாதிரிக் கார் மிக ஒடுக்கமாய் இருப்பதாக உணர்ந்த இசிகோனிஸ், அதனை நெடுக்காக இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் நகர்த்தி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார் என்பது மோட்டார் வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. 1960ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வினக் கார்களின் தொகை பத்து இலட்சத்தை எட்டியது. பிரித்தானியக் கார்களுள் அவ்வெண்ணை முதலில் எட்டியது இதுவே.

1956 முதல் 1962 வரை வெளிவந்த மொறிஸ் மைனரின் இயந்திரக் கொள்ளளவு 948 கன சென்ரிமீற்றர். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் 948ஆம் குறள் எதுவென்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதனைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, அதன் பின்னரே மருத்துவன் கைவைத்தல் வேண்டும் என்று கூறும் குறள் அது. இவ்வெண்களின் ஒற்றுமை தற்செயலானதே. ஆயினும், பொனற்றைத் திறக்குந்தோறும் அது என் நினைவுக்கு வருதலை என்னால் தவிர்க்க இயலவில்லை.

அறுபது ஆண்டுகளைக் கடந்த கார்கள் இந்நாட்டில் இன்றும் ஓடுவதற்குக் காரணம் பழைமைப் பற்று மட்டுமன்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த கார்களையே பழுதுபார்த்து ஓட்ட வேண்டிய நிலை உண்டாயிற்று. கடைசல் பட்டறைகளில் உதிரிப் பாகங்களைச் செய்யும் கைத்திறன் அக்காலத்தில் வளர்ந்தது. 1977இன் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு யப்பானியக் கார்கள் பெருகிய பின்னும் அத்திறன் முற்றாக அழியவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களில் இவ்வினக் காருக்கான பாகங்களை இலங்கையிலே செய்விக்க முன்வந்தமை நம்மவர் கைத்திறனுக்குச் சான்றாகும். மீண்டும் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான அத்தடை 2025 பெப்ரவரியில் நீங்கியபோது, ஆசிரியச் சம்பளம் பெறும் ஒருவன் புதிய காரின் விலையைக் கேட்டறிவதோடு அமைதல் வேண்டியதாயிற்று. ஆகவே, உள்ளதைப் பேணுதலே எம்போன்றோர்க்கு உரிய வழி.

மொனராகலையில் கார் ஒரு அலங்காரப் பொருள் அன்று. இறப்பர்த் தோட்டங்களின் லயங்கள் பெருவீதியிலிருந்து விலகி, மழைக்காலத்தில் சேறாகும் பாதைகளின் முடிவில் இருக்கின்றன. பகலில் முச்சக்கர வண்டி கிடைக்கும். நள்ளிரவில் கிடைப்பது அரிது. 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பெரும் பேறேயெனினும், அது வேறொரு நோயாளியைக் கொண்டு சென்றிருக்கும் வேளையில் நேர்வனவும் உண்டு. அத்தகைய வேளையில் கார் வைத்திருப்பவன் வீட்டுக் கதவு தட்டப்படும். கார் ஓடுமா என்பது அப்போது பொழுதுபோக்கு வினாவாக இராது.

2023ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில், வடகீழ்ப் பருவமழை பெய்துகொண்டிருந்த ஓரிரவு, கீழ் லயத்திலிருந்து ஒருவர் வந்து, தம் தாயாருக்கு மூச்சுவிட இயலவில்லை என்றார். சாவியைத் திருப்பினேன்; செந்நிற விளக்கு எரிந்தது; பெற்றோல் பம்பின் ‘டிக் டிக்’ ஓசையும் கேட்டது. தொடக்கிக் குமிழை இழுத்தபோது, இயந்திரம் முனகி, அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. இக்காலக் கார்களில் இல்லாத ஒரு வசதி பழைய காரில் உண்டு. முன்புறத் துளையில் இரும்புக் கைபிடியைச் செருகிக் கையாலே சுற்றலாம். இயந்திரம் பின்னுதைத்தால் பெருவிரல் முறியும் ஆதலால், பெருவிரலை மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக் கீழிருந்து மேலாக இழுத்தல் வேண்டும். மூன்றாம் இழுப்பில் இயந்திரம் உயிர்பெற்றது. மொனராகலை வைத்தியசாலையை உரிய வேளையில் அடைந்தோம். அம்மூதாட்டியார் நான்காம் நாள் வீடு திரும்பினார்.

எனினும், கைபிடியை நம்பி ஒரு பருவமழையைக் கழித்தல் இயலாது. மறுநாள் ஒரு கராஜில் காட்டினேன். “பற்றறியை மாற்றுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் செல்ப் மோட்டரை மாற்றுவோம்” என்றனர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் ஒரு பற்றறியின் விலை என்னவென்பது யாவரும் அறிந்ததே. மாற்றிப் பார்த்தல் என்பது வேறு. ஆராய்ந்து பார்த்தல் என்பது வேறு. முன்னையது, நோயாளிக்கு அலுமாரியில் உள்ள மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தலை ஒக்கும். ஆதலால் காரை வீட்டுக்குக் கொண்டுவந்து, சனிக்கிழமை காலையில் பல்மானி ஒன்றுடன் முற்றத்தில் அமர்ந்தேன். தோட்டத்திலிருந்து வரும் எனது பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் உதவிக்கு வந்தான்.

இங்கே காரின் மின்சார அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். மின்னோட்டம் பற்றறியில் தொடங்கி, வயர் வழியே சென்று, விளக்கையோ மோட்டரையோ இயக்கி, மீண்டும் பற்றறியை வந்தடைதல் வேண்டும். வழி எங்கேனும் அறுந்தால் வேலை நடவாது. ஒவ்வொரு விளக்குக்கும் போகும் வயரைக் கண்ணாற் காணலாம். திரும்பி வரும் வயரைப் பெரும்பாலும் காணவியலாது. ஏனெனில், காரின் இரும்பு உடலே திரும்பும் வழியாக அமைந்துள்ளது. இதனையே புவித்தொடுப்பு என்றும், கராஜ் வழக்கில் எர்த் என்றும் கூறுவர். அக்காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றைப் போன்று எனது காரிலும் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டுள்ளது. இக்காலக் கார்களில் எதிர்முனை இணைக்கப்படும். இவ்வேறுபாட்டை அறியாது புதிய வானொலியையோ மின்னேற்றியையோ பொருத்துவோர் அதனை எரித்துவிடுவர்.

திரும்பும் வழியை மாணவனுக்கு விளக்குவதற்கு இலக்கணமே எனக்குக் கைகொடுத்தது. ‘வந்தான்’ என்றால் அவன் என்னும் எழுவாய் வெளிப்படத் தோன்றவில்லை. ஆயினும் அது இல்லாமல் வாக்கியம் இல்லை. அதனைத் தோன்றா எழுவாய் என்கிறோம். காரின் புவித்தொடுப்பும் அவ்வாறே. கண்ணுக்குத் தோன்றாது, ஆனால் ஒவ்வொரு விளக்கின் வாக்கியத்திலும் அது உண்டு. பழைய காரின் கோளாறுகளுள் பல, வாங்குவோர் பழிசொல்லும் பற்றறியிலும் மோட்டரிலும் அன்றி, இத்தோன்றா எழுவாயிலேயே ஒளிந்திருக்கின்றன. இரும்பு துருப்பிடிக்கும், துரு மின்னோட்டத்தைத் தடுக்கும், வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஆணி இறுக்கமாகவே தோன்றும்.

முதற் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. முன்விளக்குகளை எரியவிட்டுத் தொடக்கிக் குமிழை இழுத்துப் பார்த்தல் வேண்டும். விளக்குகள் அணையும் அளவுக்கு மங்கினால், பற்றறி தளர்ந்துள்ளது அல்லது அதன் முனைகள் துருவேறியுள்ளன. விளக்குகள் பெரிதும் மங்காதிருக்க, மோட்டர் மட்டும் சோர்ந்து சுற்றினால், பற்றறியின் மேல் குற்றமில்லை. மோட்டருக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ மோட்டரிலோ குற்றம் உண்டு. எனது கார் விளக்குகள் ஒளி குன்றாமலே இருந்தன. பல்மானி, பற்றறியில் 12.6 வோல்ற்று எனக் காட்டியது. நன்னிலையிலுள்ள பற்றறிக்கு உரிய அளவு அது. புதிய பற்றறி வாங்கும் செலவு அந்நிமிடமே ஒழிந்தது.

இரண்டாம் சோதனை வழியைப் பற்றியது. பல்மானியின் ஒரு முனையைப் பற்றறியின் நேர்முனையிலும், மற்றொன்றை இயந்திரத்தின் துலக்கமான உலோகப் பகுதியிலும் வைத்து, தொடக்கியை இயக்கிப் பார்த்தல் வேண்டும். நல்ல வழியாயின் அளவு அரை வோல்ற்றைத் தாண்டாது. சாவியைத் திருப்பாமலே குமிழை இழுக்கலாம் ஆதலால், இயந்திரம் தொடங்கிவிடும் என்னும் அச்சமில்லை. கியர் பொதுநிலையில் இருத்தலும், கைத்தடை இழுக்கப்பட்டிருத்தலும் மட்டுமே கட்டாயம். மாணவனைச் சாரதி ஆசனத்தில் இருத்தி இழுக்கச் சொன்னேன். முள் 4 வோல்ற்றில் போய் நின்றது.

அவ்வேளையில் அவன், “சேர், இந்தச் சோக் குமிழு சுடுது!” என்றான். தொட்டுப் பார்த்தேன், உண்மையாகவே சுட்டது. மின்சாரத்தோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத சோக் கம்பி சுடுவானேன்? இயந்திரம் இறப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. இறப்பர் மின்னைக் கடத்தாது. ஆகவே இயந்திரத்தையும் உடலையும் இணைக்கும் பொருட்டுப் பின்னிய செம்புப் பட்டை ஒன்றுண்டு. அப்பட்டை தன் கடமையைச் செய்யாதபோது, மின்னோட்டம் தனக்குக் கிடைத்த ஒடுங்கிய வழியாகிய சோக் கம்பியினூடே திரும்ப முயன்றது. அதனால் கம்பி சூடேறியது. பல்மானி எண்ணாற் சொன்னதையே அம்மாணவன் தன் விரலால் அறிந்து சொன்னான். கவனித்தவற்றை ஒளியாது சொல்லும் அப்பண்பு, பல்மானியினும் விலையுயர்ந்த கருவியாகும்.

ஜோர்ஜ் ஓம் என்னும் ஜேர்மானிய அறிஞர் 1827இல் வெளியிட்ட விதி இதனைத் தெளிவாக்கும். அவரும் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்கினால், அத்தடையில் இழக்கப்படும் மின்னழுத்தம் கிடைக்கும். தொடக்கி மோட்டர் சுமார் 200 அம்பியர் ஓட்டத்தை வேண்டுவது. துருவேறிய இணைப்பின் தடை 0.02 ஓம் என்று கொள்வோம், 200ஐ 0.02ஆற் பெருக்க 4 வோல்ற்று. பன்னிரண்டில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே அழிந்துவிடுகிறது. ஆனால் 42 வாற்று முன்விளக்கொன்று வேண்டுவது 3.5 அம்பியர் மட்டுமே. அதன் வழியில் அதே தடை இருப்பினும் இழப்பு 0.07 வோல்ற்றுத்தான், கண் அதனை உணராது. இலேசான வேலையில் மறைந்திருக்கும் குறை, கடினமான வேலையின்போதே வெளிப்படும். விளக்கு நன்றாக எரிகிறது, ஆகவே இணைப்புகள் எல்லாம் நல்லன என்று முடிவுகட்டுதல் ஏன் தவறு என்பது இதனால் விளங்கும்.

காரின் கீழே தவழ்ந்து பட்டையைக் கழற்றினோம். பின்னல் நன்றாகவே இருந்தது. உடலோடு சேரும் இடத்தில் துருவும் பழைய நிறப்பூச்சும் படிந்திருந்தன. உப்புத்தாளால் இரு முகங்களையும் உலோகம் பளபளக்குமாறு தேய்த்து, இறுக்கி, ஈரம் புகாதிருக்க வாசலீன் பூசினோம். மீண்டும் அளந்தபோது முள் கால் வோல்ற்றையும் எட்டவில்லை. தொடக்கி முதல் இழுப்பிலேயே சுழன்றது. செலவு, ஓர் உப்புத்தாள். அப்பற்றறி அதன் பின்னும் ஓராண்டுக்கு மேல் உழைத்தது.

இத்தகைய கார் வைத்திருப்போர்க்கு வேறு சில குறிப்புகளும் பயன்படும். வயர்களின் நிறங்கள் ஓர் ஒழுங்கில் அமைந்தவை. மண்ணிறம் பற்றறியிலிருந்து நேரே வருவது, வெள்ளை, சாவியினூடே வருவது, பச்சை, சாவிக்குப் பின் உருகியையும் கடந்து வருவது, நீலம், முன்விளக்குகளுக்கு உரியது, சிவப்பு, பக்க விளக்குகளுக்கு உரியது, கறுப்பு, புவித்தொடுப்பு. பருத்திநூல் சுற்றிய பழைய வயர்களில் நிறம் மங்கிப்போயிருப்பின், முனையருகே துடைத்துப் பார்த்தால் அடையாளம் தெரியும். எனது காரின் உருகிகள் இரண்டே. முன்விளக்குகளுக்கு உருகிப் பாதுகாப்பு இல்லாமையால், நைந்த வயரைப் பொருட்படுத்தாது விடுதல் தீயை அழைத்தலாகும். உருகி எரிந்த இடத்தில் சிகரெற்றுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றும் வழக்கம் முன்னர்ப் பலரிடம் இருந்தது. அது காவலனைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தலை ஒக்கும். எந்த வேலையைத் தொடங்கு முன்னும் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி, சோதனைக்கு மின் வேண்டாதபோது பற்றறியின் இணைப்பையும் நீக்கிவிடுதல் அறிவுடைமை.

பசறை வீதியில் மலையேறும்போது பனிமூட்டத்தில் கார் இருமி நின்றால், டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தாலே பல வேளைகளிற் போதும். பொயின்ற் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காக இருத்தல் வேண்டும். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்பின் ஓசை கேளாதாயின், அதன் உள்ளே இருக்கும் சிறு தொடுமுனைகள் கருகியிருக்கலாம். புத்தலையிலிருந்து கதிர்காமம் செல்லும் வீதியில் யானைகள் நிற்பது வழக்கம் ஆதலால், இவற்றையெல்லாம் புறப்படுமுன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுதல் நன்று. காரின் தூணிலிருந்து கைபோல் எழும் திசைகாட்டியின் பொருள் இக்கால முச்சக்கர வண்டிச் சாரதிகளுக்கு விளங்குவதில்லை. ஆதலால் அது எழுந்த பின்னும் என் கையையும் வெளியே நீட்டவேண்டியுள்ளது.

இக்காலக் கார்களில் கணினி உண்டு. கருவியைப் பொருத்தினால் கோளாற்றின் இலக்கத்தை அதுவே காட்டும். அது பெரு நன்மையே. எனினும், அவ்விலக்கம் நோயின் குறியைக் காட்டுமேயன்றி, நோய்முதலைப் பெரும்பாலும் காட்டாது. உணரியொன்று தவறான அளவைத் தருகிறது என்று கணினி கூறும். உணரி கெட்டதா, அதன் வயர் நைந்ததா, புவித்தொடுப்புத் துருவேறியதா என்று தேடுபவன் மனிதனே. இலக்கத்தைக் கண்டதும் பாகத்தை மாற்றுபவனுக்கும், விளக்கு எரியாவிடின் பற்றறியை மாற்றுபவனுக்கும் வேறுபாடு இல்லை. கருவி புதிதாகலாம், ஆராயும் ஒழுங்கு பழையதே.

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிலிருந்து துணைபுரிபவன் என்பன அவை. நான்காமவனை வள்ளுவர் மறவாமையை நான் பலமுறை வகுப்பிற் கற்பித்திருக்கிறேன். அதன் முழுப் பொருளையும் முற்றத்தில், சோக் குமிழ் சுடுகிறது என்று ஒருவன் சொன்ன போதே உணர்ந்தேன். அம்மாணவன் பரீட்சைத் தாளில் ஓமின் விதியைப் பிழையின்றி எழுதக்கூடியவன். ஆயினும், அவ்விதி ஒரு கம்பியைச் சுடச்செய்யும் என்பதை அன்றுவரை அவன் கண்டதில்லை. அவனுடைய தந்தையார், “எண்ணெய்க் கை எங்களோடு போகட்டும் சேர், பிள்ளை படிக்கட்டும்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அச்சொல்லின் பின்னே உள்ள நெடிய துன்பத்தை நான் அறிவேன். ஆதலால் உடனே மறுத்துரைக்கவில்லை. மறுவாரம் அவரையும் முற்றத்துக்கு அழைத்து, மகனைக் கொண்டே அச்சோதனையை விளக்கச் செய்தேன். அவர் பல்மானியின் முள்ளையும் மகனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது படிப்புத்தான்” என்றார். இன்று அப்பிள்ளை உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவிற் கற்கிறான்.

கையால் செய்வது தாழ்ந்தது, ஏட்டில் எழுதுவது உயர்ந்தது என்னும் எண்ணம் நம் சமூகத்தில் வேரோடியுள்ளது. 2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்புகளில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்ட பின்னும் அது முற்றாக நீங்கவில்லை. சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்துக் காணும் மனமும், மின்வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து எங்கே அறுந்தது எனக் காணும் மனமும் ஒன்றே. ஊகத்தை நம்பாமை, ஒரு வேளையில் ஒன்றையே சோதித்தல், கண்டதைக் கண்டவாறு சொல்லுதல் ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொது. இம்மூன்றும் கைவரப்பெற்ற பிள்ளை, காரின் முன்னாயினும் கவிதையின் முன்னாயினும் திகைத்து நில்லான்.

ஆகவே பழைய மாணவராகிய அன்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுண்டு. இவ்விழா ஆண்டில் கல்லூரிக்குக் கேடயங்களும் கடிகாரங்களும் வழங்க எண்ணியிருப்போர், அவற்றோடு ஒரு சிறு பட்டறை அறைக்கும் இடந்தேடித் தருவார்களாக. ஓடாத பழைய இயந்திரம் ஒன்று, பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றறி ஒன்று, சில பல்மானிகள், திருகு சாவிகள், உறுதியான மேசை ஒன்று ஆகியனவே தேவை. உங்கள் வீட்டுக் கொட்டிலில் தார்ப்பாயின் கீழ் உறங்கும் காரைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுக்கு முன், கல்லூரியை ஒருகால் நினையுங்கள். ஓடாத காராயினும் குற்றமில்லை. பிள்ளைகளுக்கு வேண்டுவது கோளாறுள்ள காரே.